கோடையில் கழனியும் குடும்பமும்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டாரங்களில் ‘இனி வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் வேலை’ என்று சொல்வது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கோ இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் 2 ஏக்கர், 3 ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பதைப் பொறுத்தே, கார்த்திகை வெள்ளத்தில் அதன் பயிர் நிமிர்ந்து நிற்குமா, அழுகிப் போகுமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு என்று உழவர் பெருமக்கள் கேட்கலாம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடைமடையின் நீண்ட கோடை

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுகிறது. தஞ்சைப் பகுதியில் குறுவைக்கு அத்தண்ணீர் பாய்ந்துவிடும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டப்பட்ட கீழணையை நம்பியிருக்கும் நமது நிலங்களின் கதை வேறு. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வந்து, ஏரி நிரம்பி, அதன் பிறகே பாசன மதகுகள் திறக்கப்படுகின்றன. பத்தாம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் வெட்டப்பட்ட இந்த ஏரியின் முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, பாசனப் பரப்பு ஏறத்தாழ 45,000 ஏக்கர். 2004 முதல் சென்னை மாநகரின் குடிநீருக்கும் இதிலிருந்தே தண்ணீர் போகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் நமக்குப் பாசனத் தண்ணீர் கிடைப்பது ஆகஸ்டு இறுதி அல்லது செப்டம்பரில்தான்.

ஆகவே ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பும் குடும்பத்துக்கு ஆண்டில் ஒரே நெற்பயிர். செப்டம்பரில் நாற்றுவிட்டு, அக்டோபர் நடுவில் நட்டால், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில் பயிருக்கு நட்டு மூன்று, நான்கு வாரமே ஆகியிருக்கும். வேர் பிடித்து ஓரிரு தூர் வெடித்த நிலையில் வெள்ளம் வந்து ஒரு வாரம் மூழ்கடித்தால் பிழைப்பது அரிது. 2015 நவம்பரிலும், 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போதும் கடலூர் மாவட்டத்தில் நீரில் நின்ற வயல்களைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பயிர் அந்த நேரத்தில் இன்னும் 30 நாள் மூத்ததாக இருக்க வேண்டும். அந்த 30 நாளை எங்கிருந்து பெறுவது? கோடையிலிருந்துதான் பெற முடியும்.

தைப் பட்ட உளுந்து

முதலில் வருமானத்தைப் பார்ப்போம். ஏனெனில், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கட்ட வேண்டிய பணமும், வைகாசியில் உறவுமுறைக்கு எழுதும் மொய்யும், அடுத்த சம்பாவின் உழவுக் கூலியும் பெரும்பாலும் நெல் தரிசு உளுந்து, பச்சைப் பயறு விற்ற காசில்தான் நடக்கின்றன. நெல் பணம் கடனுக்குப் போய்விடுகிறது. உளுந்துப் பணமே வீட்டுக்கு நிற்கிறது.

நெல் தரிசில் உளுந்து வருவது களிமண்ணின் கொடை. உழாமல், நீர் பாய்ச்சாமல், மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் மாசிப் பனியையும் கொண்டே 70, 75 நாளில் அது காய்த்துவிடுகிறது. இதில் காலம் தவறக் கூடாது. தை மாதத்துக்குள் விதை விழுந்தால், பங்குனி வெயில் கடுமையாகும் முன்பே காய் பிடித்துவிடும். மாசி நடுவுக்குப் பிறகு விதைத்தது பூக்கும் நேரத்தில் மண் வெடித்து ஈரம் வற்றிவிடும். செடி ஒரு சாண் உயரத்திலேயே நின்று நான்கு காயோடு முடிந்துவிடும். ஒரே ஊரில் ஒருவர் ஏக்கருக்கு 3 குவிண்டால் காண்பதற்கும் அடுத்தவர் அரை மூட்டை காண்பதற்கும் உரத்தைவிட இந்த 20 நாள் வேறுபாடே பெரும் காரணம்.

கையறுவடைக் காலத்தில் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதையை நிற்கும் நெல்லில் தூவுவார்கள். இன்று பெரும்பாலும் அறுவடை இயந்திரமே இறங்குகிறது. அதன் பின்னால் நெல் ஏற்றும் டிராக்டர், அதற்கும் பின்னால் வைக்கோல் கட்டும் இயந்திரம் என்று மூன்று முறை வயல் மிதிபடுகிறது. பத்து நாள் வளர்ந்த உளுந்து இதில் தப்பாது. இதனாலேயே பலர் உளுந்தை விட்டுவிட்டார்கள். இது தவறான முடிவு என்பதே என் கருத்து. இயந்திர அறுவடை என்று தெரிந்தால் 4 முதல் 6 நாள் முன்பு மட்டும் விதைக்க வேண்டும். அப்போது முளை மண்ணோடு ஒட்டியிருப்பதால் சேதம் குறையும். டயர் வண்டியைவிடப் பெல்ட் வண்டி மண்ணை ஆழமாக அமுக்காது. நெல் ஏற்றும் டிராக்டரை வயலெங்கும் ஓட விடாமல் ஒரே தடத்தில் போய்வரச் செய்யலாம். வைக்கோலை இயந்திர அறுவடை முடிந்த ஓரிரு நாளிலேயே எடுத்துவிட வேண்டும். பத்து நாள் கழித்துக் கட்டுப் போடும் வண்டியை இறக்கினால், பிழைத்திருக்கும் செடியும் போய்விடும். வண்டிக்காரரிடம் இதையெல்லாம் வாடகை பேசும்போதே பேசிக்கொள்ள வேண்டும். வண்டி வயலில் இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை.

விதையை ரைசோபியம் நுண்ணுயிர் உரத்துடன் கலந்து, நிழலில் உலர்த்தித் தூவலாம். ஆடுதுறை 3 நெல் தரிசுக்கு நெடுங்காலமாக நம் பகுதியில் பழகிய ரகம். மஞ்சள் தேமல் நோய் தொல்லை தரும் ஊர்களில் வம்பன் 8 போன்ற, நோயைத் தாங்கும் ரகங்களை நாட வேண்டும். பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது காய் பிடிப்பைக் கூட்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலையில் சிறிதளவு நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்க வேண்டும். செலவு மிகக் குறைவு.

2025-26ஆம் ஆண்டுப் பருவத்துக்கு மைய அரசு உளுந்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,800. இரண்டு ஏக்கரில் ஏக்கருக்கு 2 குவிண்டால் வந்தாலும் ரூ.31,200 ஆகிறது. விதையும் தெளிப்பும் பறிப்புக் கூலியும் போக மிஞ்சுவது, சிறு குடும்பத்துக்கு நெல்லில் மிஞ்சுவதற்குக் குறைந்ததன்று.

இன்னொரு செய்தி. பங்குனியில் ஊரின் அறுவடை எல்லாம் முடிந்ததும் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவது நம் கிராமங்களின் பழக்கம். அப்போது தனியாக ஒரு வயலில் பசுமையாக உளுந்து நின்றால் ஊர் மாடெல்லாம் அங்கே கூடும். காவலுக்குத் தனி ஆள் வேண்டும். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து ஒரே வாரத்தில் விதைத்தால் காவல் எளிதாகும். மாட்டைக் கட்டி வைக்கச் சொல்லி ஊரில் கேட்கும் பேச்சுக்கும் வலு இருக்கும்.

அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுப்பது நல்லது. வேர் முடிச்சுகளில் சேர்ந்த தழைச்சத்து மண்ணிலேயே தங்கும். விடியற்காலையில் பனியீரம் இருக்கும்போது அறுத்தால் நெற்று வெடித்துச் சிதறாது. காலை 9 மணிக்குள் வேலையை முடித்துக் களத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். செடியைத் தார்ச் சாலையில் பரப்பி வண்டிகளை ஏற விட்டு அடிக்கும் பழக்கம் பெருகி வருகிறது. இரு சக்கர வண்டிகள் சறுக்கி விழுவதைப் பார்த்தும் நாம் திருந்தவில்லை. உலர்களம் இல்லாத ஊரில் வயலிலேயே ஒரு மூலையைச் சாணமிட்டு மெழுகிக் களமாக்கிக் கொள்ளலாம்; நம் பாட்டன்மார் அப்படித்தான் செய்தனர்.

விதைக்கென எடுத்து வைக்கும் பயறு நன்கு காய வேண்டும். பல்லில் கடித்தால் ‘கடக்’ என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் தேவை. காய்ந்த விதையில் 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் ஊக்குவிக்கப்பட்ட களிமண் பொடியைக் கலந்து, புதிய சாக்கில் கட்டி வைத்தால் பயறு வண்டு அண்டாது. வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்வதை உடைத்துப் பருப்பாக்கி வைப்பது வீட்டுப் பெண்கள் கண்ட நல்வழி. வண்டு முழுப் பயற்றின் மேல்தான் முட்டையிட விரும்பும்.

வெடிப்பும் உழவும்

உளுந்து எடுத்த பின் நிலம் எப்படிக் கிடக்கிறது? கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கிறது. களிமண் ஈரத்தில் பருத்து, காய்ந்தால் சுருங்கும் தன்மையுடையது. சுருங்கும்போது ஏற்படும் இந்த வெடிப்புகள் இரண்டு அடிக்கும் கீழே போகும். ‘நிலம் நன்றாக வெயில் குடிக்கட்டும்’ என்று சொல்லி அப்படியே விட்டுவிடுகிறோம். இதனால் விளையும் தீங்கு மூன்று விதமானது.

வெடிப்பின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் ஈரம் ஆவியாகிறது. மேல்பரப்பு மட்டும் காய்வதற்குப் பதிலாக அடிமண்ணும் காய்கிறது. அடுத்து, கோடை மழை பெய்தால் தண்ணீர் மேல்மண்ணை நனைக்காமல் வெடிப்பில் இறங்கி, வேருக்கு எட்டாத ஆழத்துக்கு ஓடிவிடுகிறது. மூன்றாவது தீங்கு நமக்கு மிகவும் முக்கியமானது. செப்டம்பரில் வாய்க்கால் தண்ணீர் வயலில் நுழையும்போது, முதலில் இந்த வெடிப்புகளை நிரப்பிய பிறகே வயல் நனையும். மேல்மடை வயல்கள் இப்படிக் குடிக்கும் தண்ணீரின் காரணமாகத்தான் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர மேலும் பல நாள் ஆகிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டில், ஒரு முறை முழுவதும் வெடிப்புக்கே போய்விடுவதும் உண்டு.

கோடை உழவு வெடிப்பின் வாயை மூடுகிறது. உடைந்த மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து அடைத்துக்கொள்ளும். உழுத மண் அடிமண்ணின் மேல் போர்வை போலக் கிடந்து, கீழே இருக்கும் ஈரத்தைக் காக்கும். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். வரப்பை உயர்த்தி, எலி வளைகளை அடைத்து, உழுது வைத்த வயல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

எப்போது உழுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். களிமண்ணை எலும்பு போலக் காய்ந்த நிலையில் உழுதால் தலை பெரிய கட்டிகளாகப் பெயரும். டீசல் செலவு இரட்டிப்பாகும். நல்ல கோடை மழை ஒன்று பெய்யும் வரை பொறுத்திருந்து, பெய்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் உழ வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாக்கி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டுப் பாருங்கள். உடைந்து சிதறினால் பதம் சரி. சப்பென்று ஒட்டிக்கொண்டால் இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். இந்தப் பதம் களிமண்ணில் மூன்று நாளுக்கு மேல் நிற்காது. அந்த மூன்று நாளில் ஊரில் எல்லோரும் டிராக்டரைத் தேடுவார்கள். 2 ஏக்கர்காரரின் முறை கடைசியில்தான் வரும். எனவே பங்குனியிலேயே டிராக்டர் வைத்திருப்பவரிடம் பேசி, அடுத்தடுத்த வயல்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நாளில் உழுவதாக ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. 10 ஏக்கர் ஒரே இடத்தில் கிடைக்கும் என்றால் வண்டிக்காரர் முன்னதாக வருவார். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலி வழியே முன்பதிவு செய்யலாம். மானாவாரி நிலம் உள்ளவர்களுக்கு 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் கோடை உழவு மானியமாக எக்டருக்கு ரூ.2,000 அறிவிக்கப்பட்டது.

முதல் உழவுக்கு ஐந்து கொத்து அல்லது ஒன்பது கொத்துக் கலப்பையே போதும். மண்ணை மாவாக்கும் சுழல் கலப்பையைக் கோடையில் தவிர்க்க வேண்டும். அது மேலே நான்கு அங்குலத்தை மட்டும் பொடியாக்கி, அடியில் கெட்டித் தளம் விழச் செய்யும். கோரையின் வேர்த் தண்டுகளைத் துண்டாக்கி வயலெங்கும் பரப்பவும் செய்யும். கொத்துக் கலப்பை கோரைக் கிழங்கைப் புரட்டி மேலே போடும்; கத்திரி வெயில் அதை வறுத்துவிடும். அடித்தாளில் தங்கியிருக்கும் குருத்துப்பூச்சியின் புழுக்களும் வெயிலிலும் பறவைகளின் வாயிலும் அழியும். கட்டிகள் பெரிதாக இருக்கின்றனவே என்று கவலைப்பட்டு மீண்டும் மீண்டும் உழ வேண்டியதில்லை. வெயிலில் காய்ந்து, அடுத்த மழையில் நனைந்தால் அவை தாமே உதிரும். அடித்தாளைத் தீயிட்டுக் கொளுத்துவது எந்த வகையிலும் ஆகாது.

கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களுக்கு இந்த உழவில் இன்னொரு பயனும் உண்டு. அங்கே நிலத்தடி உப்பு நீர் அதிக ஆழத்தில் இல்லை. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, உழாத மண்ணின் நுண்துளைகள் அந்நீரை மேலே இழுக்கும். நீர் ஆவியாகி உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். உழவு அந்தத் திரியை அறுத்துவிடுகிறது. இவ்வூர்களில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் கோடை நெல் வைப்பவர்கள், முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். அதன் மின்கடத்தும் திறன் 2.25 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால், அந்த நீரில் வரும் ஒரு போகம் அடுத்த பல போகங்களின் மண்ணைக் கெடுத்துவிடும். மண் மாதிரி எடுக்கவும் கோடையே ஏற்ற காலம். வயலில் பத்து இடங்களில் ‘V’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, கால் பங்கீட்டு முறையில் அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்ப வேண்டும். வரப்போரத்திலும் எருக்குவித்த இடத்திலும் எடுக்கக் கூடாது.

கிடையும் தக்கைப்பூண்டும்

பங்குனி, சித்திரையில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கிடை போடுவதற்குக் கூலி கேட்கிறார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். ஆட்டுப் புழுக்கையைவிட மூத்திரத்திலேயே தழைச்சத்து விரைவாகக் கிடைக்கும் வடிவில் இருக்கிறது. குப்பை எருவில் நமக்கு அது கிடைப்பதில்லை. ஆனால் கிடை எழுந்த பின் வயலைப் பதினைந்து நாள் வெயிலில் போட்டுவிட்டால் அச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கிடை எழுந்த அடுத்த ஓரிரு நாளில், ஈரம் இருந்தால் ஒரு சால் உழுதுவிட வேண்டும். கோடை உழவு முடித்த வயலில் கிடை போடுவது இன்னும் சிறந்தது. மூத்திரம் புழுதியில் இறங்கித் தங்கும்.

தக்கைப்பூண்டு உப்பையும் தேங்கும் நீரையும் தாங்கும் பயிர் என்பதால் நமக்குப் பொருத்தமானது. ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45ஆம் நாள், பூக்கும் முன் மடக்கி உழ வேண்டும். ஈரம் போதிய அளவு இருந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் தழை கிடைக்கும். வைகாசி மழையில் விதைத்தால் ஆடி முதல் வாரத்தில் மடக்கலாம். மடக்கி உழவும் தழை மக்கவும் ஈரம் தேவை. எல்லா ஆண்டும் அது வாய்க்காது. எனவே மொத்த நிலத்திலும் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பதைவிட, ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் சுழற்றிப் போடலாம். வரப்போரம் ஒரு வரிசையை முற்ற விட்டால் அடுத்த ஆண்டு விதைக்குக் கடை ஏற வேண்டியதில்லை.

ஏரி வண்டல் பற்றி ஒரு சொல். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம் என்பதால், களிமண் வயல்காரர்களும் டிப்பர் டிப்பராக அடிக்கிறார்கள். களியின் மேல் களியைக் கொட்டி என்ன பயன்? வண்டல் செம்மண்ணுக்கும் மணலுக்கும் உரியது.

மணற்பாங்கான ஊர்களில்

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, கடலூரை அடுத்த கிராமங்களின் கோடை முற்றிலும் வேறு. அங்கே குடும்பத்துக்குக் கோடைதான் அறுவடைக் காலம். மணிலா எடுப்பதும், முந்திரிக்கொட்டை பொறுக்குவதும், பலா இறக்குவதும் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இம்மரங்களை வேரோடு சாய்த்தபோது, பல குடும்பங்களுக்கு அடுத்த பல ஆண்டுகளின் கோடை வருமானமே சாய்ந்தது. அதன் பிறகு நட்ட, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டுக் கன்றுகள் இன்று பலன் தருகின்றன. பழம் தானாக விழுந்த பின் கொட்டையைப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்து, குலுக்கினால் ஒலி கேட்கும் பதத்தில் விற்க வேண்டும். காயாகப் பறித்ததைக் கலந்தால் முழுச் சரக்கின் விலையும் விழும். செம்மண் மணிலா நிலங்களில் முதல் மழைக்குக் கோடை உழவு செய்தால் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு அழியும். ஆனால் கடலோர மணலில் ஆனி, ஆடிக் காற்றுக்கு முன் உழுதால் மேல்மண் பறந்துவிடும். அங்கே உழாமல் தழையால் மூடி வைப்பதே சரி.

மாடும் வீடும்

கோடையில் கறவை மாடு முதலில் குறைப்பது தீனியை. அடுத்துக் குறைவது பால். வெயில் ஏறும் முன்பும் இரவிலும் வைக்கோலைப் போட்டு, பகலில் மூன்று நான்கு முறை தண்ணீர் காட்ட வேண்டும். வெறும் வைக்கோலில் சத்து குறைவு. 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் நீரில் கரைத்து 100 கிலோ வைக்கோலில் சீராகத் தெளித்து, அடுக்கி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால் அதன் செரிமானமும் புரதச் சத்தும் கூடும். கொடுக்கும் முன் சிறிது நேரம் ஆற விட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. யூரியாக் கரைசலை மாடு நேராகக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது மிக அவசியம். உளுந்துப் பொட்டும் தழையும் கோடைத் தீவனத்தில் பொன் போன்றவை. களத்தில் மழையில் நனைய விடாதீர்கள்.

கோடையில் ஆண்களின் வேலை குறைந்து பெண்களின் வேலை கூடுகிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. உளுந்து அறுப்பு, தூற்றல், காய வைத்தல், மாட்டுத் தண்ணீர், விறகு, விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒருவர் தலையில் விழுகின்றன. கத்திரி வெயிலில் வயல் வேலையைக் காலை 10 மணிக்குள் முடித்து, மாலை 4 மணிக்கு மேல் தொடர்வதும், கூழும் மோரும் கூடவே எடுத்துச் செல்வதும் உடலுக்குப் பாதுகாப்பு. நடுப்பகலில் களத்தில் பயற்றைக் கிளறும் வேலையை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆவணிப் புழுதி விதைப்பு

இப்போது தொடக்கத்தில் கேட்ட 30 நாளுக்கு வருவோம். வைகாசி மழையில் ஒரு முறையும் ஆடி மழையில் மறுமுறையும் உழுத வயலில் ஆவணித் தொடக்கத்தில் புழுதி ஆயத்தமாக இருக்கும். உழாத வயல்காரர் வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருக்கும்போது, இவர் ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதையை விதைப்புக் கருவியால் வரிசையிலோ, கையாலோ விதைத்துவிடலாம். விதையை 1 சத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைத்தால் முளைப்பு வறட்சியைத் தாங்கும். ஆவணி மழையில் முளைத்த பயிருக்குப் பின்னர் வாய்க்கால் தண்ணீர் வந்து சேரும்.

கணக்கிட்டுப் பாருங்கள். 155 நாள் ரகம் ஒன்றை ஆகஸ்டு 25இல் புழுதியில் விதைத்தால், நவம்பர் 10இல் அதற்கு வயது 77 நாள். தூர் கட்டி முழங்காலுக்கு மேல் நிற்கும். ஜனவரி 27 வாக்கில் அறுவடை. உளுந்தை ஜனவரி 22 வாக்கில் தூவலாம். செப்டம்பர் 20இல் நாற்று விட்டவருக்கோ நவம்பர் 10இல் பயிர் நட்டு நான்கு வாரமும் ஆகியிருக்காது. அறுவடை பிப்ரவரி கடைசி வாரத்துக்குப் போகும். உளுந்துக்குத் தைப் பட்டம் தவறிவிடும். கோடை உழவைத் தவறவிட்டவர் வெள்ளத்திலும் இழக்கிறார், அடுத்த உளுந்திலும் இழக்கிறார்.

புழுதி விதைப்பில் களை அதிகம் என்பது உண்மை. முளைத்த 20 நாளுக்குள் ஒரு களையெடுப்பைத் தவற விட்டால் புல் நெல்லை மிஞ்சிவிடும். கோடையில் இரண்டு முறை உழுத வயலில் இத்தொல்லை குறையும். உழாமல் ஒரே நாளில் கிளறி விதைத்தவர்களே புழுதி விதைப்பைக் குறை கூறுகிறார்கள். மிகவும் பள்ளமான வயல்களுக்கு, ஏறத்தாழ இரண்டு வார மூழ்கலைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்1 ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இதுவும் நீண்ட கால ரகம் என்பதால் முன்கூட்டி விதைப்பதற்கே ஏற்றது.

வீட்டில் எடுத்து வைத்த விதை நெல்லை ஆடியிலேயே சோதித்துவிடுங்கள். 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வைத்து, தினமும் நீர் தெளித்து வந்தால் ஏழெட்டு நாளில் தெரிந்துவிடும். 80க்கு மேல் முளைத்தால் அதையே விதைக்கலாம்; குறைந்தால் வேறு விதை வாங்க அப்போது இன்னும் நாள் இருக்கும்.